திண்டுக்கல் கிணறுகளும் நிலைத்த அபிவிருத்தியும்

(திண்டுக்கல்லை அடுத்த அகரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வளர்ந்துவரும் நாடுகளின் வாணிபத்தைப் பற்றியும், அந்நாட்டுச் சர்க்கார்கள் கடைப்பிடிக்கும் பொருளாதாரக் கொள்கையைப் பற்றியும், மண்ணையும் நீரையும் கெடுக்காமல் அபிவிருத்தி அடைவது சாத்தியமா என்பதைப் பற்றியும் பேசவேண்டுமென்று இச்சபையார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். இவ்விஷயத்தைப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் 1972-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய மகாநாட்டிலிருந்தோ, 1987-இல் வெளிவந்த புருண்ட்லாண்ட் அறிக்கையிலிருந்தோ, 1992-இல் ரியோ நகரில் உலகத் தலைவர்கள் ஒப்புக்கொண்ட பிரகடனத்திலிருந்தோ தொடங்குவது வழக்கம். அவ்வளவு தூரம் போகவேண்டிய அவசியம் நமக்கு இல்லை. இந்த அகரத்திலிருந்து திண்டுக்கல்லைக் கடந்து பொன்மாந்துறைப் பக்கமோ வத்தலக்குண்டுச் சாலைப் பக்கமோ சென்று, அங்கே ஒரு தோட்டக் கிணற்றில் ஒரு வாளித் தண்ணீர் இறைத்து வாயில் வைத்துப் பார்த்தால், அந்த மகாநாடுகளில் பேசப்பட்ட பொருள் இன்னதென்று உப்புக் கரிப்பிலேயே விளங்கிவிடும்.

1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் தேதி, நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் அமர்ந்த உச்ச நீதிமன்ற அமர்வு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில் தீர்ப்பு வழங்கியது. நிலைத்த அபிவிருத்தி என்ற கொள்கையும், கேடு விளையுமுன்பே காத்துக்கொள்ளவேண்டும் என்ற கொள்கையும், கெடுத்தவனே அதற்கு விலை கொடுக்கவேண்டும் என்ற கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் அங்கங்களே என்று தெளிவாக நிலைநாட்டிய அந்தத் தீர்ப்பை, இன்று இந்தியாவில் சட்டம் படிக்கும் ஒவ்வொரு மாணவனும் படித்தாகவேண்டும். ஆனால் வேலூர் என்ற பெயர் முன்னால் நிற்பதனால், அவ்வழக்கில் நம்முடைய ஊரும் இருந்தது என்பதை நம்மவர்களே மறந்துவிட்டார்கள். வட ஆற்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, திருச்சி, செங்கை எம்.ஜி.ஆர். என்ற ஐந்து ஜில்லாக்களின் தோல் தொழிற்சாலைகளைப் பற்றியது அந்த வழக்கு. (ஜில்லாக்களுக்குத் தலைவர்களின் பெயர் சூட்டியிருந்த காலம் அது, தீர்ப்பைப் படித்துக்கொண்டு போனால் அம்பேத்கரும் பெரியாரும் அண்ணாவும் எம்.ஜி.ஆரும் கழிவுநீர் வழக்கில் சாட்சி சொல்ல வந்து நிற்பதுபோல ஒரு மயக்கம் உண்டாகும்.) திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனத்தார் நடத்திய கணக்கெடுப்பை நீதிமன்றம் தன் தீர்ப்பில் எடுத்துக்காட்டியது: குடிக்கவும் பாய்ச்சவும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டுப்போயிருந்தன. இந்தியச் சட்டத்தில் நிலைத்த அபிவிருத்திக்கு ஆதாரமாக நின்ற சான்றுகளில் நம்முடைய 350 கிணறுகளும் அடக்கம் என்று சொன்னால் அது மிகையன்று. அந்தப் பெருமையை விரும்பி யாரும் ஏற்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இந்தத் தொழில் இங்கே எப்படி வேரூன்றியது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும்; ஏனெனில் தோல் பதனிடும் ஷாப்புக்காரரைத் துஷ்டராகவும் குடியானவரைச் சாதுவாகவும் வைத்துக் கதை சொல்லிவிட்டால் நாம் கற்றுக்கொள்ளவேண்டியது ஒன்றும் மிஞ்சாது. ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலிய தாவரச் சரக்குகளைக் கொண்டு வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிடும் பழைய முறையில் திண்டுக்கல்லும் திருச்சியும் பேர் பெற்றவை. ஈஸ்ட் இந்தியா என்ற பெயரோடு கப்பலேறிய அந்தத் தோலுக்கு மேல்நாட்டுச் சந்தையில் நல்ல மதிப்பு இருந்தது. அரைகுறையாகப் பதனிட்ட தோலை இங்கிருந்து வாங்கிச் சென்று, அங்கே மெருகேற்றிச் செருப்பாகவும் பையாகவும் செய்து, பல மடங்கு விலைக்கு விற்று லாபம் கண்டவர்கள் அயல்நாட்டார். பூட்டுக்கும் சுருட்டுக்கும் பேர்போன இந்த ஊரில், தோலும் மூன்றாவது சரக்காகச் சேர்ந்துகொண்டது.   

1970-களின் தொடக்கத்தில் சர்க்கார் அமைத்த சீதாராமையா கமிட்டியார் ஒரு யோசனை சொன்னார்கள். பச்சைத் தோலையும் அரைப்பதத் தோலையும் அயல்நாட்டுக்கு அனுப்புவதைச் சுருக்கி, முழுதும் பதனிட்ட தோலாகவும் செருப்பாகவும் செய்து அனுப்பினால், அந்நியச் செலாவணியும் பெருகும், இங்குள்ளவர்களுக்கு வேலையும் கிடைக்கும் என்பது அந்த யோசனையின் சாரம். சர்க்கார் அதை ஏற்று ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. பொருளாதார நோக்கில் இதில் பிழை காண முடியாது. கச்சாப் பொருளை விற்றுவிட்டுச் செய்பொருளை வாங்கும் அடிமை வாணிபத்திலிருந்து மீளவேண்டும் என்று தாதாபாய் நவரோஜி காலந்தொட்டு நாம் சொல்லிவந்ததைத்தான் இந்தக் கொள்கையும் சொல்லிற்று. ஆனால் ஒரு விஷயம் அந்தக் கணக்கில் ஏறவில்லை. தோலைப் பதனிடும் ஒவ்வொரு கட்டமும் மதிப்பைக் கூட்டுவதோடு கழிவையும் கூட்டுகிறது. முழுப் பதனீட்டை இந்த நாட்டுக்குள் கொண்டுவந்தவர்கள், அதனோடு கூடப்பிறந்த கழிவுநீரையும் இந்த நாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அதை எங்கே விடுவது என்று அன்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. 1996-இல் தீர்ப்பு வந்தபோது, நாட்டின் பதனிட்ட தோல் ஏற்றுமதியில் ஏறக்குறைய 80 சதவிகிதம் தமிழ்நாட்டிலிருந்து போயிற்று. தாவரச் சரக்குக்குப் பதிலாகக் குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறையில் 170 வகை இரசாயனங்கள் புழங்குவதாகவும், ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாவதாகவும் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது.

குரோமியம் என்றதும் நமக்கு அச்சம் உண்டாகிறது, அது நியாயமே. ஆயினும் நம் கிணறுகளை அன்றாடம் கொன்றது பெரும்பாலும் சமையலறையில் இருக்கும் சாதாரண உப்பு என்று சொன்னால் உங்களில் சிலர் வியப்படையலாம். உரித்த தோல் அழுகாமல் இருக்க அதன்மேல் உப்பைத் தடவி அடுக்கிவைக்கிறார்கள். தோலின் எடையில் ஏறக்குறைய பாதி வரையில்கூட உப்புச் செலவாவதுண்டு. அந்தத் தோல் ஷாப்புக்கு வந்ததும் முதல் வேலை அதை ஊறவைத்து உப்பைக் கழுவுவது. அந்த முதல் கழுவல் நீர் எங்கே போகிறதோ அங்கே உப்பும் போகிறது. குரோமியத்தைப் பிரித்தெடுத்துத் திரும்பப் பயன்படுத்த வழிகள் உண்டு; சென்னையில் 1948-இல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார் அதற்காக நெடுநாள் உழைத்திருக்கிறார்கள். தோலிலிருந்து வரும் மாமிசக் கசடுகளை நுண்ணுயிர்களே தின்று தீர்த்துவிடும். உப்பை எந்த நுண்ணுயிரும் தின்பதில்லை. ஆகவே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டி, அதில் காற்றை ஊதி, கசட்டை வடித்து, தெளிந்த நீரை வெளியே விட்டபோது, பார்ப்பதற்கு அது தெளிவாகத்தான் இருந்தது; உப்பு மட்டும் வந்தபடியே வெளியேறிற்று. அதைப் பிரிக்கவேண்டுமானால் ஆர்.ஓ. சவ்வு வைக்கவேண்டும், சவ்வு வைத்தால் மின்சாரம் வேண்டும், பிரித்தெடுத்த உப்பைக் காய்ச்சி வற்றவைத்தால், யாரும் வாங்காத அந்தக் கலப்பு உப்பை மழை படாமல் மூட்டைகட்டிக் காவல் காக்கவேண்டும். ஒரு துளியும் வெளியே விடாத ஏற்பாடு என்று பெயர் சொல்லிவிடுவது எளிது. அதை நடத்துகிறவனுடைய மின்சாரக் கட்டணச் சீட்டைப் பார்த்தால்தான் அதன் கஷ்டம் புரியும்.

இனி நம்முடைய நிலத்தின் அமைப்பைப் பார்ப்போம்; வளரும் நாடுகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் ஒரு சமாதானம் இங்கே செல்லாது என்பது அதனால் விளங்கும். ஏழை நாடுகள் முதலில் செல்வத்தைச் சேர்க்கட்டும், பிறகு அந்தச் செல்வத்தைக் கொண்டு மாசைத் துடைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சாஸ்திரம் 1990-களில் பொருளாதார வல்லுநர்களிடையே செல்வாக்குப் பெற்றது. சைமன் குஸ்நெட்ஸ் வேறொரு விஷயத்துக்காக வரைந்த வளைகோட்டை இதற்கும் பொருத்தி, வருமானம் ஏற ஏற மாசும் ஓரளவு ஏறிப் பின் இறங்கிவிடும் என்றார்கள். லண்டனில் தேம்ஸ் நதி 1950-களில் உயிரற்ற நதியென்று கைவிடப்பட்டுப் பின்னால் மீன் துள்ளும் நதியாக மீண்டதை இதற்கு உதாரணம் காட்டுவார்கள். நதிக்கு அது பொருந்தலாம்; நதி ஓடிக்கொண்டிருக்கிறது, கழிவை நிறுத்தினால் புது வெள்ளம் வந்து பழையதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். திண்டுக்கல் சமவெளியின் அடியில் இருப்பதோ ஆதிகாலத்துப் பாறை. அதன் வெடிப்புகளிலும் மேலே சிதைந்த சுக்கான் படலத்திலும் தங்கியிருக்கும் நீர்தான் நம் கிணற்று நீர். கீழ்ப்பழனி மலைச்சரிவிலிருந்து இறங்கி அமராவதியை நோக்கி வடக்கே போகும் குடகனாறும் வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடப்பது. அது பாறைக்குள் இருப்பதைக் கழுவிக்கொண்டு போகும் சக்தி உடையதன்று. வெடிப்புக்குள் புகுந்த உப்பு, வெளியேற வழியில்லாமல், ஒவ்வொரு கோடையிலும் நீர் வற்ற வற்ற மேலும் செறிந்து, அடுத்த தலைமுறையின் கிணற்றுக்குள்ளும் வந்து சேர்கிறது. முதலில் சம்பாதித்துப் பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்ற சாஸ்திரம் லண்டனில் மெய்யாகவும், நம் தாடிக்கொம்பில் பொய்யாகவும் இருப்பதற்கு, பூமியின் அடிப்பாறையே காரணம் என்பதை அந்த வல்லுநர்கள் கவனிக்கவில்லை.

இங்கே எனக்கு நினைவுக்கு வருகிறவர் ஜே.சி. குமரப்பா. 1892-இல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையில் அரசாங்க நிதிநூல் படித்து, காந்தியடிகளிடம் வந்துசேர்ந்த அவர், ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது எழுதிய ‘நிலைத்த பொருளாதாரம்’ என்ற நூல் 1945-இல் வெளிவந்தது. ஐக்கிய நாடுகளின் புருண்ட்லாண்ட் அறிக்கைக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் தலைப்பை இட்டவர், தம் கடைசி ஆண்டுகளை நமக்கு அண்மையில், கல்லுப்பட்டி ஆசிரமத்தில் கழித்தார் என்பதைத் திண்டுக்கல்லார் பெருமையோடு நினைக்கலாம். ஓடிவந்துகொண்டே இருக்கும் இயற்கைச் செல்வத்தையும், ஒரு முறை எடுத்தால் தீர்ந்துபோகும் தேக்கச் செல்வத்தையும் அவர் பிரித்துக்காட்டினார். முன்னதைச் சார்ந்த வாழ்வு நிலைக்கும், பின்னதைச் சார்ந்த வாழ்வு பகையிலும் யுத்தத்திலும் முடியும் என்பது அவர் அபிப்பிராயம். நிலக்கரியும் பெட்ரோலியமும் தேக்கம், மழையும் மரமும் ஓட்டம் என்று அவர் வகுத்த பிரிவை நம் கிணற்றுக்கு வைத்துப் பார்த்தால் ஒரு புதுமை தென்படும். கிணற்று நீர் மழையால் நிரம்புவது. ஆகவே அது ஓட்டச் செல்வம். ஆனால் அதைக் கெடாமல் வைத்திருக்கும் பாறையின் தூய்மை ஒரு தேக்கச் செல்வம். தண்ணீர் திரும்பி வரும், தூய்மை திரும்பி வராது. இந்தப் பேதத்தைக் குமரப்பா எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. எழுதியிருந்தால் நமக்கு இன்னும் உதவியாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அவர் தணிக்கையாளர் என்பதை நான் வேண்டுமென்றே குறிப்பிட்டேன். ஏனெனில் இந்த விவகாரம் முழுவதையும் ஒரு கணக்குக் குளறுபடியாகவே நான் பார்க்கிறேன். கழிவுநீரைச் சுத்தம் செய்யச் சொன்னால் தொழிலின் செலவு கூடிவிடும், உலகச் சந்தையில் போட்டியிட முடியாது என்று முதலாளிகளும், அவர்களுக்காகப் பேசும் மந்திரிகளும் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். செலவு புதிதாகக் கூடவில்லை. அது முதல் நாளிலிருந்தே இருந்தது. குடிதண்ணீரைத் தொலைவிலிருந்து குடத்தில் சுமந்த பெண்மணி அதைக் கொடுத்தார். பயிர் கருகிப்போனதால் தோட்டத்தைத் தரிசாகப் போட்டவர் அதைக் கொடுத்தார். தோல் நனைக்கும் தொட்டியில் நாள் முழுவதும் நின்று கை காலில் புண் கண்ட தொழிலாளி அதைக் கொடுத்தார். இவர்கள் கொடுத்தது எந்தப் பேரேட்டிலும் ஏறாததனால், தோல் மலிவானது என்று உலகம் நம்பிற்று. ஆகையால் வளரும் நாட்டின் பொருளாதாரக் கொள்கைக்கு முன்னால் நிற்கும் கேள்வி தொழிலா இயற்கையா என்பதன்று. இருக்கிற செலவை யார் பேரில் எழுதுவது என்பதே.

நீதிமன்றம் செய்த காரியங்களில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது அபராதமன்று. ஐந்து ஜில்லாத் தொழிற்சாலைகளுக்கும் தலைக்கு 10,000 ரூபாய் விதித்தார்கள்; அது ஒரு எச்சரிக்கை, அவ்வளவே. இழப்பைக் கணித்து ஈட்டை வழங்க ஓர் அதிகார சபையை அமைக்கச் சொன்னதும், சென்னை உயர்நீதிமன்றத்தில் பசுமை அமர்வு ஒன்றை ஏற்படுத்தக் கேட்டுக்கொண்டதும் பெரிய காரியங்களே. அவற்றைவிடப் பெரியது, நிரூபிக்கும் பொறுப்பை இடம் மாற்றியது. அதுவரையில் குடியானவர் ஒருவர் தன் கிணறு கெட்டது என்று வழக்காடப் போனால், சாலை ஓரத்தில் வரிசையாக நிற்கும் ஷாப்புகளில் எந்த ஷாப்பின் உப்பு, எந்த வருஷத்தில், எந்தப் பாறை வெடிப்பு வழியாகத் தன் கிணற்றுக்கு வந்தது என்று அவரே காட்டவேண்டும். மண்ணியல் வல்லுநராலும் முடியாத அந்தக் காரியத்தை, அரை ஏக்கர் கத்தரித் தோட்டக்காரர் செய்து காட்டவேண்டும் என்று சட்டம் எதிர்பார்த்தது. இந்தத் தீர்ப்போ, தன் செய்கையால் தீங்கில்லை என்று காட்டும் கடமை தொழில் நடத்துகிறவனுடையது என்றது. கெடுத்தவனுடைய பொறுப்பு பாதிக்கப்பட்டவருக்கு ஈடு கொடுப்பதோடு தீராது, கெட்ட இயற்கையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவும் அவனுடையதே என்றது. எழுத்தளவில் இதைவிடத் தெளிவாக ஒரு தேசம் சொல்லிவிட முடியாது.

எழுத்துக்கும் நடப்புக்கும் உள்ள தூரம் பணத்தில் தெரிகிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அந்நாளில் வகுத்த திட்டப்படி, மூலதனத்தில் நாலில் ஒரு பங்கை மத்திய சர்க்காரும், நாலில் ஒரு பங்கை மாநில சர்க்காரும் மானியமாகக் கொடுத்தன; 30 சதவிகிதம் கடன்; தொழிலதிபர்கள் கைப்பொறுப்பு 20 சதவிகிதம். கெடுத்தவனே கொடுக்கவேண்டும் என்று சொன்ன நாட்டில், சரிபாதியைப் பொதுமக்கள் வரியாகக் கொடுத்தார்கள். கிணற்றை இழந்தவரும் அந்த வரி கட்டியவர்களில் ஒருவர். இதைக் கண்டு கோபப்படுவது எளிது. நான் கோபப்படவில்லை, ஏனெனில் திண்டுக்கல்லின் ஷாப்புகளில் பல, பெரிய ஏற்றுமதிக்காரர் கொடுக்கும் தோலைக் கூலிக்குப் பதனிட்டுக் கொடுக்கும் சிறிய இடங்கள். அவர்களுக்கு முதலீடு செய்யச் சக்தி இல்லை, விலையைத் தீர்மானிக்கும் சக்தி அதைவிட இல்லை. கட்டிடத்துக்கும் இயந்திரத்துக்கும் பொதுப்பணம் கொடுத்ததை ஏற்றுக்கொள்ளலாம். அதை அன்றாடம் ஓட்டும் செலவு மட்டும் தோலின் விலையிலேயே சேரவேண்டும். அது சேராதவரையில், இரவில் மோட்டாரை நிறுத்தி மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஆசை எந்தத் தொழிலதிபருக்கும் வரத்தான் செய்யும்.

வாங்குகிறவன் அந்த விலையைக் கொடுப்பானா? 1980-களின் கடைசியில் ஜெர்மனி, தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பூசும் பென்டாகுளோரோபீனால் என்ற மருந்தை, பத்து லட்சத்தில் ஐந்து பங்குக்குமேல் இருக்கக்கூடாது என்று தடுத்தது. நம்முடைய தோல் தொழில் முழுவதும் கலங்கிப்போயிற்று. ஆனால் சில ஆண்டுகளுக்குள் மாற்று மருந்தைக் கண்டுபிடித்துப் பழக்கிக்கொண்டது. முடியாது என்று வாதாடிய காரியம், வாங்குகிறவன் கையெழுத்து நின்றதும் முடிந்தது. இதிலிருந்து நாம் இரண்டு விஷயங்களை ஊகிக்கலாம். தொழில் மாறமுடியாதது அன்று என்பது ஒன்று. ஜெர்மானியர் கேட்டது தம் காலில் படும் செருப்பின் சுத்தத்தைத்தானே தவிர, அச்செருப்பு பிறந்த ஊர்க் கிணற்றின் சுத்தத்தையன்று என்பது மற்றொன்று. மருந்து செருப்போடு கப்பலேறிப் போய்விடுகிறது. உப்பு இங்கேயே தங்கிவிடுகிறது. சரக்கின் தூய்மையை அயல்நாட்டுச் சந்தை காத்துக்கொள்ளும். தொழில் நடக்கும் இடத்தின் தூய்மையை அவ்விடத்துச் சர்க்காரும் ஜனங்களுமே காத்துக்கொள்ளவேண்டும். அண்மைக்காலத்தில் ஐரோப்பியக் கம்பெனிகள் தொழிற்சாலைச் சோதனைச் சான்றிதழ் கேட்கத் தொடங்கியிருக்கின்றன, நல்லதுதான். பெரிய தொழிற்சாலைகளுக்கு அது வந்துசேரும். கூலிக்குப் பதனிடும் சந்து ஷாப்புக்கு எப்போது வருமோ, சொல்லமுடியாது.

2025-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வேலூர்ப் பக்கத்துப் பாலாற்றுத் தோல் கழிவு விவகாரத்தில் மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்கியது. கொடுக்கவேண்டிய இழப்பீட்டைச் சர்க்கார் முதலில் கொடுத்துவிட்டுக் கெடுத்தவர்களிடம் வசூலித்துக்கொள்ளவேண்டும் என்றும், மேற்பார்வைக்கு ஒரு குழு வேண்டும் என்றும் அதில் கட்டளையிட்டிருக்கிறார்கள். முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே ஏறக்குறைய இருபத்தெட்டரை ஆண்டுகள். நீதிமன்றத்தின்மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நாள்தோறும் கிணற்றைப் பார்க்கும் வேலையை டில்லியில் அமர்ந்திருக்கும் நீதிபதிகளிடம் ஒப்படைத்தது நம்முடைய காரியம்.

ஆகவே ஒரு சிறு யோசனையைச் சொல்லி என் பேச்சை முடித்துக்கொள்கிறேன். குடிதண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 2,000 வரையில் பொறுத்துக்கொள்ளலாம் என்பது நம் நாட்டுத் தர நிர்ணயம். தொழிற்சாலை வெளியே விடும் நீருக்கு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் வைத்த எல்லை 2,100. இந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி இன்று பேனா அளவில் சில நூறு ரூபாய்க்குக் கடையில் கிடைக்கிறது. பள்ளி மாணவன் அதை நீரில் தோய்த்து எண்ணை வாசிக்கலாம். மார்ச் 22-ஆம் தேதி, உலகத் தண்ணீர் தினத்தன்று, தமிழ்நாட்டின் எல்லா ஊராட்சிகளிலும் கிராமசபை கூடுகிறது. ரெட்டியார்சத்திரம், திண்டுக்கல் ஒன்றியங்களின் ஊராட்சிகள் அன்றைய தினம் வரவு செலவைப் படிப்பதற்கு முன், ஊரிலுள்ள ஒவ்வொரு கிணற்றின் எண்ணையும் வாசித்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் கோடையிலும் ஐப்பசி மழைக்குப் பின்னும் வந்து சரிபார்த்துக் கொடுக்கலாம். அவர்களுக்கும் அது பாடமாகும். ஷாப்புக்காரர்களின் பிரதிநிதியையும் அதே சபைக்கு அழைத்து உட்காரவைக்கவேண்டும். எண் இறங்கினால் அந்தப் பெருமையில் அவருக்கும் பங்கு உண்டு. இதனால் பழைய உப்பு கரைந்துவிடாது என்பது எனக்குத் தெரியும். ஆயினும் பத்து ஆண்டுகள் தொடர்ந்து எழுதிய ஒரு புத்தகம் ஊராட்சி அலுவலகத்து மேஜையில் இருந்தால், அடுத்த முறை யாராவது கமிட்டி அமைத்து நம் ஜில்லாவுக்கு ஒரு புதிய தொழிலைக் கொண்டுவரும்போது, கழிவு எங்கே போகும் என்ற கேள்வியை யூகத்தோடு அல்ல, எண்ணோடு கேட்க ஊரார் கையில் ஓர் ஆவணம் இருக்கும்.